மூணு யூனிட் மண்

"தலையில என்ன, களிமண்ணா இருக்கு?" என்று வாத்தியாரிடம் திட்டு வாங்காத பிள்ளை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. எனக்கு அப்போதே அந்தத் திட்டு விளங்காது. களிமண் என்ன அவ்வளவு மட்டமா? கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வயல், வரப்பு, வாய்க்கால் கரை, குளத்தடி எல்லாமே களிமண்தான். அதில் விளைந்த நெல்லைத்தான் வாத்தியாரும் சாப்பிட்டார்.

போன வருடம் ஆடி மாதம் சென்னையிலிருந்து என் தங்கச்சி போன் செய்தாள். தாம்பரத்துக்கு மேற்கே வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள்.

"அண்ணே, நம்ம வீட்டு மண்ணு சரியில்லண்ணே. சுத்தக் களிமண்ணு. வெக்கிற செடியெல்லாம் செத்துப் போவுது. மேல கொட்டுறதுக்கு மூணு யூனிட் நல்ல மண்ணு சொல்லியிருக்கேன். அதுக்கு மேல மூடாக்குப் போடணுமாமே, அதுக்கும் ஆன்லைன்ல பத்து மூட்டை மரப்பட்டை ஆர்டர் போட்டுட்டேன். நீ ஒரு நாள் வந்து எப்படிப் பரப்பணும்னு மட்டும் சொல்லிட்டுப் போயேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். களிமண்ணிலேயே பிறந்து, களிமண்ணில் பிள்ளையார் பிடித்து விளையாடிய பெண், களிமண் சரியில்லை என்கிறாள். அவளையும் குறை சொல்ல முடியாது. நெல்லுக்குச் சேற்றைக் கலக்கி நடுவது வேறு, ரோஜாவும் பப்பாளியும் வைப்பது வேறு. சம்பாவுக்கு நாற்று விட இன்னும் நாள் இருந்தது. ரயில் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் நிஜமாகவே நம்ம ஊர் மண். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இடமாம் அது. பிளாட் போட்டு விற்றிருக்கிறார்கள். ஆடி வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் விரல் போனது. 20 அடிக்கு 15 அடி, மொத்தம் 300 சதுர அடி. அதில் காய்ந்து நின்ற பப்பாளி இரண்டு, ரோஜாக் குச்சி நாலு, உயிரோடு ஒரு செம்பருத்தி.

வந்த அன்றைக்கே ஒரு வேலை செய்தேன். நீங்களும் மண்ணுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால் இதைச் செய்து பாருங்கள். ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் ஒரு குழி. அதில் தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். முதல் தண்ணீர் வெடிப்பு வழியாக மடமடவென்று இறங்கிவிடும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மண் ஊறி வெடிப்பு மூடிக்கொள்ளும். அப்புறம் இரண்டாவது முறை ஊற்றுவதுதான் கணக்கு. தங்கச்சி வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊற்றிய இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலை காபி குடிக்கும்போதும் பாதிக்கு மேல் நின்றது.

"பாத்தியா, உன் பப்பாளி எப்படிச் செத்துச்சுன்னு?" என்றேன்.

அவள் செய்தது எல்லாரும் செய்வதுதான். களிமண்ணில் குழி தோண்டி, குழிக்குள் மட்டும் செம்மண்ணும் எருவும் போட்டு, செடியை வைத்திருக்கிறாள். மழை பெய்தால் நாலாபக்கத்துத் தண்ணீரும் அந்தப் பொலபொலப்பான குழியைத் தேடி வரும். வந்த தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. களிமண்ணில் குழி வெட்டுவதும் தரைக்குள் ஓர் அண்டாவைப் புதைப்பதும் ஒன்றுதான். பப்பாளி வேர் தேங்கும் தண்ணீரைத் தாங்காது, அழுகிவிடும். செம்பருத்தி கொஞ்சம் முரட்டுச் செடி, தப்பித்தது.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். "மச்சான், வீடு கட்டுனப்ப மிச்சமான எம்-சாண்ட் மாடிப்படிக்கு அடியில ஒரு அம்பது சட்டி கிடக்கு. அதைக் கலந்துவிட்டா மண்ணு லேசாயிடாதா?"

"சிமெண்ட் இல்லாமயே காங்கிரீட் போட்டுடுவீங்க மாப்ள" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, மாவைவிட நைஸ். அதில் கொஞ்சம் மணலைக் கலந்தால் மணலுக்கு நடுவில் இருக்கும் சந்தையெல்லாம் களி அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் கல்லாகிவிடும். பாதிக்கு மேல் மணல் சேர்த்தால்தான் குணம் மாறும், அவ்வளவு மணலை எங்கே போய் வாங்குவது? ஜிப்சம் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சோடியம் உப்பு கூடிப்போன களர் மண்ணுக்குத்தான் அது மருந்து. மண்ணைப் பரிசோதித்துப் பார்க்காமல் போட்டால் காசுக்குத்தான் கேடு. களிமண்ணைத் திருத்துகிற சரக்கு ஒன்றே ஒன்றுதான், மக்கிய குப்பை. சாணி எரு, இலை மக்கு, மண்புழு உரம் எதுவானாலும் சரி. களித்துகள்களைச் சின்னச் சின்ன உருண்டையாகச் சேர்த்துப் பிடிப்பது அதுதான். அந்த உருண்டைகளுக்கு நடுவில்தான் காற்றும் தண்ணீரும் போய் வரும்.

இதெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "மண் லோடை வேணாம்னு சொல்லிடு" என்றேன்.

"அட்வான்ஸ் குடுத்துட்டேண்ணே. காலைல வண்டி வந்துடும்."

விடியற்காலை ஐந்து மணிக்கே டிப்பர் வந்துவிட்டது. கேட்டைத் திறந்துவிட்டதும் பின்னால் வந்து ஒரே தூக்கு. மூணு யூனிட் மண் மலை மாதிரி குவிந்தது. பட்டணத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. எடையில் நாலு டன்னை ஒட்டி வரும், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். மூணு யூனிட்டுக்கு இறக்குக்கூலியோடு பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று தங்கச்சி எண்ணிக் கொடுத்தாள்.

செம்மண் என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்திருந்தாள். குவியலின் மேலாக்கில் சிவப்பு தெரிந்தது. நான் கையை விட்டு உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்தேன். உள்ளே பழுப்பு, கொஞ்சம் கருப்பு. நல்ல வாசனை. முதல் மழைக்கு வயலில் வருகிற வாசனை. உதிர்த்துப் பார்த்தேன். கையில் ஒரு நெல் தாள் கட்டை வந்தது. அறுத்த இடத்தில் அரிவாள் வெட்டு இல்லை, மிஷின் அறுப்புத் தாள். இன்னொரு பிடியில் வயல் நத்தையின் ஓடு இரண்டு. ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போனது.

"தம்பி, இது எங்கேருந்து வருது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"செங்கல்பட்டு தாண்டி உள்ள சார். வயக்காட்டு மேல் மண்ணு. பஸ்ட் குவாலிட்டி. செடி சும்மா பிச்சிக்கிட்டு வரும் பாருங்க."

அந்தப் பையன் சொன்னது உண்மைதான். அது முதல் தரமான மண்தான். யாரோ ஒருவருடைய வயலின் மேல்தோல்.

கொட்டிய மண்ணைத் திருப்பி அனுப்ப முடியாது. அதை வீணாக்கவும் மனசு வரவில்லை. நாலு நாள் தங்கி வேலையைச் செய்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன், களிமண் வீட்டுக்காரர்களுக்கு உதவும்.

மண் வண்டிக்காரர் சொல்லிக்கொடுத்த வழி, 300 சதுர அடிக்கும் ஓர் அடி உயரம் பரப்புவது. 300 கன அடி, மூணு யூனிட், கணக்கு சரி. ஆனால் கெட்டியான களிமண் மேல் வேறு மண்ணை அப்படியே பாய் விரித்த மாதிரி பரப்பினால் மழைத்தண்ணீர் மேல் மண்ணில் இறங்கி, களி தொடுகிற இடத்தில் நின்றுவிடும். வேரும் அங்கேயே நின்றுவிடும். இரண்டு மண்ணும் ஒட்டாது. அதனால் முதலில் அடி மண்ணைத் திறக்க வேண்டும். குழித்தண்ணீரும் வாளித்தண்ணீருமாகத் தெளித்துத் தரையை ஒரு நாள் ஊற விட்டு, அடுத்த நாள் ஆற விட்டோம். களிமண்ணுக்குப் பதம் முக்கியம். ஒரு கை மண்ணை உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிசுபிசுவென்று ஒட்டினால் அன்றைக்குத் தொடவே கூடாது. ஈரக் களியை மிதித்தாலும் வெட்டினாலும் அது கட்டியாகி, அந்த வருடம் முழுக்க நம்மைப் படுத்தும். பதம் வந்ததும் கடப்பாரையால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து, ஒரு நெம்பு. புரட்டவில்லை, நெம்பி மட்டும் விட்டோம்.

அதன் மேல் மக்கிய மாட்டெரு இரண்டு அங்குலம் பரப்பி மேலாகக் கொத்திக் கலந்தோம். 300 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் என்றால் 50 கன அடி, அதாவது அரை யூனிட். உண்மையில் அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது அவ்வளவுதான். மூணு யூனிட் மண் தேவையே இல்லை.

வந்த மண்ணில் பாதியை வைத்து, கலந்துவிட்ட தரைக்கு மேல் இரண்டு மேட்டுப்பாத்தி போட்டோம். ஓர் அடி உயரம், ஓரம் சரிவு. பப்பாளி, கறிவேப்பிலை, மல்லி எல்லாம் மேட்டில். வாழையும் செம்பருத்தியும் கீழே. வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு மண்ணே கொட்டவில்லை. பேஸ்மட்டத்துக்கு மேல் மண் ஏறினால் சுவரில் ஓதம் அடிக்கும், அப்புறம் பெயிண்ட் உரிகிறது என்று பெயிண்ட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம். மிச்ச மண் மாடித் தொட்டிகளுக்கும், பக்கத்து இரண்டு வீட்டுக்கும் போனது.

அப்புறம் மூடாக்கு. களிமண்ணைப் பொறுத்தவரை பாதி வைத்தியம் இதுதான். தரை வெயில் படாமல் இருந்தால் வெடிக்காது. மழைத்துளி நேராக அடிக்காவிட்டால் மேல் மண் இறுகாது. கீழே ஈரமும் நிழலும் இருந்தால் மண்புழு தானாக வரும். நாம் கடப்பாரையால் செய்கிற வேலையை அது சம்பளம் இல்லாமல் செய்யும்.

தங்கச்சி ஆர்டர் போட்ட மரப்பட்டைத் துண்டுகள் அன்றைக்குத்தான் வந்து இறங்கின. பத்து மூட்டையும் பிரித்துக் கொட்டினால் இடத்தில் கால்வாசிகூட மூடவில்லை. மூணு அங்குலக் கனத்துக்கு 75 கன அடி வேண்டும், முக்கால் யூனிட். அதே நேரத்தில் தெருமுனையில் ஒரு அம்மா தூங்குமூஞ்சி மரத்து இலையையெல்லாம் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார். போய்க் கும்பிடு போட்டு, "தீ வெக்காதீங்கம்மா, நாங்க அள்ளிக்கிறோம்" என்றேன். சிரித்துக்கொண்டே சாக்கில் கட்டிக் கொடுத்தார். இப்போது வாரம் இரண்டு மூட்டை அவரே கேட்டோரம் வைத்துவிட்டுப் போகிறாராம். கரும்புச்சாறுக் கடையில் சக்கை கிடைத்தது. அதில் இனிப்பு இருப்பதால் எறும்பு வரும், இரண்டு நாள் காயவைத்துப் போட வேண்டும். இளநீர்க் கடையில் மட்டை கிடைத்தது. வெட்டிக் கவிழ்த்துப் போட்டால் வருடக்கணக்கில் கிடக்கும்.

இரண்டு எச்சரிக்கை. மூடாக்கு செடித்தண்டைத் தொடக் கூடாது, நாலு விரல்கடை தள்ளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு அழுகும். வீட்டுச் சுவருக்கும் மரக்கதவு நிலைக்கும் பக்கத்தில் காய்ந்த சருகு வேண்டாம், கரையான் வரும். அப்புறம், மக்காத தென்னை நார்க்கழிவையோ மரத்தூளையோ மண்ணுக்குள் கலக்காதீர்கள். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலே மூடாக்காகக் கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மூணாம் நாள் ராத்திரி. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் படுத்துவிட்டார்கள். நானும் தங்கச்சியும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். புது மண் வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அன்னிக்கு அந்த நத்தை ஓட்டைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னியே, ஏன்?"

சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம். இருபது வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இது எவனோ சம்சாரி வயலோட மேல் மண்ணு பாப்பா. என்ன முடையோ, வித்திருக்கான்."

"நம்ம ஊர்லயும் விப்பாங்களா?"

"நாமளே வித்திருக்கோம்."

2004-ஆம் வருடம் மாசி மாதம் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருடம் காவிரியில் தண்ணீர் சரியாக வரவில்லை. டெல்டாவில் யாரிடமும் கையில் காசு இல்லை. நகைக்குப் பணம் இருந்தது, பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. நிலத்தை விற்க அப்பா சம்மதிக்கவில்லை. அப்போது செங்கல் சூளைக்காரர் ஒருவர் எங்கள் மேட்டு வயலைக் கேட்டார். நிலத்தைக் கேட்கவில்லை, மண்ணை மட்டும். இரண்டு மா, இரண்டடி ஆழம். எங்கள் பக்கத்தில் மூணு மா சேர்ந்தால் ஓர் ஏக்கர், ஒரு மா 33 சென்ட். அறுபதாயிரம் ரூபாய் பேசினார், கல்யாணத்துக்கு முன்னாலேயே முழுப் பணம்.

அப்பா இரண்டு நாள் யோசித்தார். "மண்ணை விக்கிறதா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தது நான்தான். "நிலம் எங்கப்பா போவுது, நம்ம பேர்லதானே இருக்கு. ரெண்டடிதானே, நாலு வருஷம் எரு அடிச்சா சரியாயிடும்" என்றேன். அப்போது எனக்கு 26 வயது. மண் வளரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி சென்னைக்குப் போன பிறகு, பங்குனியில்தான் வெட்டினார்கள். அப்பா வயல் பக்கமே போகவில்லை. இரண்டடி என்று பேசியது சில இடத்தில் மூணடி ஆனது. யாரும் அளந்து பார்க்கவில்லை. வண்டி போக ஆரம்பித்து மூணு வாரத்தில் மேட்டு வயல் பள்ளமானது. "பொண்ணுகிட்ட சொல்லிடாத" என்று அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார்.

தங்கச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மேட்டு வயலை ஏன் எல்லாரும் பள்ளம் பள்ளம்னு சொல்றீங்கன்னு ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

ஆமாம். இப்போது எங்கள் வீட்டில் அந்த வயலுக்குப் பெயரே பள்ளம்தான். என் பிள்ளைகளுக்கு அது ஒரு காலத்தில் மேடாக இருந்தது தெரியாது.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மா என்றால் 66 சென்ட், கிட்டத்தட்ட 28,750 சதுர அடி. இரண்டடி ஆழத்துக்கு 57,500 கன அடி. 575 யூனிட். அறுபதாயிரத்தை அதில் வகுத்தால் யூனிட்டுக்கு நூற்றி நாலு ரூபாய். காலம் வேறு, விலைவாசி வேறு, சூளைக்குப் போன மண் வேறு. இருந்தாலும் தங்கச்சி எண்ணிக் கொடுத்த பன்னிரண்டாயிரம் கண் முன்னால் வந்து நின்றது. செங்கல்பட்டுப் பக்கத்து அந்தச் சம்சாரிக்கு அதில் எவ்வளவு போயிருக்கும்?

மேல் மண் போனால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்த இரண்டு மாவில் படித்தேன். வயலின் உயிர் மேலே இருக்கிற ஏழெட்டு அங்குலத்தில்தான் இருக்கிறது. மக்கு, நுண்ணுயிர், மண்புழு எல்லாம் அங்கேதான். அதற்குக் கீழே இருப்பதும் களிமண்தான், ஆனால் செத்த களிமண். மாவுக்குப் பத்து மூட்டை கண்ட வயல் அடுத்த வருடம் மூணரை மூட்டை கொடுத்தது. பக்கத்து வயல்காரர் வரப்பு எங்கள் பள்ளத்தில் சரிந்தது, அவர் இரண்டு வருடம் என்னுடன் பேசவில்லை. ஐப்பசி மழையில் ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். குறுவை போட முடியாது, சம்பா ஒரு போகம்தான், அதுவும் அழுகாமல் இருந்தால்.

முன்காலத்தில் ஆறு வெள்ளத்தோடு வண்டலைக் கொண்டுவந்து போடும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடித்ததிலிருந்து அந்த வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஓர் அங்குல மேல் மண் இயற்கையாகச் சேர நூற்றுக்கணக்கான வருடம் பிடிக்கும். நான் அப்பாவிடம் நாலு வருடம் என்று சொன்னேன்.

பள்ளத்தைத் தேற்ற எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம். ஊர்க் குளம் தூர் வாரியபோது வண்டல் கேட்டு வாங்கி அடித்தோம். ஏரி, குளத்து வண்டலை விவசாயத்துக்கு எடுத்துக்கொள்ள மனுப் போட்டு அனுமதி வாங்கலாம், அது நல்ல ஏற்பாடு. வருடா வருடம் கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும் சமயம் மடக்கி உழுதோம். வைக்கோலில் கொஞ்சம் மாட்டுக்கு, கொஞ்சம் அந்த வயலுக்கு. பதினைந்து வருடம் கழித்துத்தான் மாவுக்கு எட்டு மூட்டையைப் பார்த்தேன். பத்தை இன்னும் பார்க்கவில்லை. அப்பா எட்டையும் பார்க்கவில்லை.

இதை எழுதுவதால் யாரும் தோட்டம் போடாதீர்கள் என்று அர்த்தம் இல்லை. போடுங்கள். ஆனால் மண்ணுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால் உங்கள் தரையில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். களிமண்ணாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ள அதை மிஞ்சிய மண் கிடையாது, அதற்கு மூச்சு விட இடம் கொடுத்தால் போதும். எருவும் சருகும் வாங்குங்கள். மண்ணே வேண்டுமென்றால், மாடித் தொட்டிக்கு வேண்டும்தான், அஸ்திவாரம் தோண்டுகிற இடத்து மண்ணை முதலில் கேளுங்கள். அதில் கல், சிமெண்ட் கட்டி இருந்தால் சலித்து, எருவைக் கலந்துகொள்ளலாம். லோடு வந்தால் கொட்டுவதற்கு முன் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். கோரைக்கிழங்கு இருந்தால் வேண்டாம், அது உங்களை விட்டுப் போகாது. நெல் தாள் இருந்தால், எங்கேயிருந்து என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிற ஆள் கூடினால் கொண்டுவருகிறவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஐப்பசி அடைமழையில் தங்கச்சி போன் செய்தாள். தெருவில் முழங்கால் தண்ணீர், ஆனால் மேட்டுப்பாத்தியில் பப்பாளி நிற்கிறது என்றாள். மழை விட்ட மறுநாள் தோட்டத்துத் தண்ணீரும் இறங்கிவிட்டதாம். இலை மூடாக்கை விலக்கிப் பார்த்தால் மண்புழு என்று போட்டோ அனுப்பினாள். ஊர் விஷயம் எதுவும் அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்த வருடம் வைகாசியில் பிள்ளைகளோடு லீவுக்கு வந்தாள். வந்த மறுநாள் நல்ல கோடை மழை. பள்ளத்தில் ஓர் உழவு ஓட்டிவிட்டுத் தக்கைப்பூண்டு விதைக்கப் புறப்பட்டேன். ஏக்கருக்கு 20 கிலோ, இரண்டு மாவுக்குப் பதிமூன்று பதினாலு கிலோ விதை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் வருகிறாள்.

"குடு, நானும் ரெண்டு கை போடுறேன்."

இரண்டு கை இல்லை, ஒரு மா முழுக்க அவளே தெளித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் விதை தெளித்த கை, மறக்கவில்லை, ஒரு சீராகத்தான் விழுந்தது. கரையேறி வந்து, காலில் ஒட்டியிருந்த களியை வரப்பில் தேய்த்துக்கொண்டே, "எத்தனை அடிண்ணே இன்னும் ஏறணும்?" என்று கேட்டாள்.

"ஏறாது பாப்பா. விளையும், ஆனா ஏறாது."

போன வாரம் மடக்கி உழுதாயிற்று. இடுப்பளவுக்கு மேல் வளர்ந்திருந்தது. சம்பாவுக்கு நாற்றங்கால் தயார் செய்ய வேண்டும்.